பழவேற்காட்டிலிருந்து பொருளியல் படிக்கப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததும் பழவேற்காட்டுக் குப்பங்களில் நடக்கிற பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். பெண் பிள்ளை என்றால் நர்சிங் அல்லது பி.காம். பையன் என்றால் பாலிடெக்னிக், இன்ஜினியரிங், இல்லாவிட்டால் அப்பாவோடு படகு. பொருளியல் அந்தப் பேச்சில் வருவதே அபூர்வம். வந்தாலும் “வேற எதுவும் கிடைக்காதவங்க எடுக்கிறது” என்ற அடைமொழியோடு வரும்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. கணக்குக்குப் பயந்து அந்தப் பக்கம் ஒதுங்கி, மூன்று வருடம் நோட்ஸை உருப்போட்டு வாங்குகிற பி.ஏ. பொருளியலுக்கு வேலைச் சந்தையில் பெரிய மதிப்பு கிடையாது. கணிதத்தைக் கைவிடாமல், கூடவே தன் கரையின் வரவு செலவையும் எடுத்துப் படித்தவர் கையில் அதே பட்டம் வேறு மாதிரி பேசும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ரகத்துக்கு.

பி.காமா, பொருளியலா?

பி.காம். என்பது ஒரு கடையின், கம்பெனியின் கணக்கை ஒழுங்காக எழுதவும் சரிபார்க்கவும் கற்றுத்தருவது. பற்று, வரவு, வரி, தணிக்கை, கம்பெனிச் சட்டம். பொருளியல் அந்தக் கம்பெனிக்கு வெளியே நின்று கேள்வி கேட்கும். விலை ஏன் இறங்கியது, இறங்கியதில் யாருக்கு நஷ்டம், யார் அதிலும் சம்பாதித்தார்கள், அரசு மானியம் கொடுத்தால் அது கடைசியில் யார் பையில் போய்ச் சேரும்? நிதியியல் இன்னும் குறுகலானது. இன்றைய பணம், நாளைய பணம், இடையில் இருக்கும் ஆபத்து ஆகிய மூன்றுக்கும் விலை போடும் பாடம் அது. சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் ‘பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ்’ என்று ஒரு பிரிவு உண்டு. நடுவழி வேண்டுகிறவர்கள் அதில்தான் சேர்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. பட்டம் வாங்கிய அடுத்த மாதமே வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலையில் இருக்கிற குடும்பம் என்றால், பி.காம். எடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மூன்றோடு இன்னும் இரண்டு வருடம் படிக்க வழியிருக்கிறது, அல்லது போட்டித் தேர்வுக்கு உட்காரும் பொறுமை இருக்கிறது என்றால் பொருளியலைத் தைரியமாக எடுக்கலாம். சி.ஏ. கதவு பொருளியல் படித்தவருக்கு மூடிவிடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். பட்டத்தில் வணிகவியல்காரர் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு அது 60 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்டு வியாபாரி கொடுத்த முன்பணம்

பாடப்புத்தகம் ஆப்பிளையும் ஆரஞ்சையும் வைத்து ஆரம்பிக்கும். பழவேற்காட்டுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. வீட்டிலேயே பாடம் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டு எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் பழுதான நேரத்தில் வியாபாரி 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். வட்டி கிடையாது என்றார். ஒரே நிபந்தனை, பிடிக்கிற நண்டை அவருக்கே போட வேண்டும். வெளி விலையைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்கிறார். மாதம் 60 கிலோ நண்டு போகிறது. மாதத்துக்கு 2,400 ரூபாய் போயிற்று. வருடத்தில் பத்து மாதம் தொழில் என்று வைத்தால் 24,000. வட்டியில்லாக் கடனுக்கு வட்டி 48 சதவீதம்! அசல் அப்படியே நிற்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு எண்ணை வையுங்கள். விவசாயிகளுக்கென்று இருந்த கிசான் கிரெடிட் கார்டு 2018-19 நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு மீனவர்களுக்கும் வந்தது. மீன்பிடித் தொழிலுக்கு 2 லட்சம் ரூபாய் வரை நடைமுறை மூலதனக் கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் கழிவு, ஆக 4 சதவீதம். 48 எங்கே, 4 எங்கே?

இங்கே நிறுத்திவிட்டு வியாபாரியைத் திட்டுவது சுலபம். பொருளியல் படிக்கிறவர் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அப்படியென்றால் ஏன் எல்லோரும் வங்கிக்குப் போகவில்லை? ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் என்றால் வங்கி திறந்திருக்காது, வியாபாரி வீட்டுக் கதவு திறக்கும். மீனே படாத மாதத்தில் தவணை கேட்டு அவர் நோட்டீஸ் அனுப்ப மாட்டார். சந்தை படுத்துக்கிடக்கிற நாளிலும் நண்டை எடுத்துக்கொள்வார். படகுப் பதிவு, சங்க உறுப்பினர் அட்டை, இன்னொரு நகல் என்று அலையவிட மாட்டார். அந்த 48-க்குள் கொஞ்சம் வட்டி, கொஞ்சம் காப்பீட்டுப் பிரீமியம், கொஞ்சம் சந்தை உத்தரவாதம், மிச்சம் ஏகபோக லாபம் எல்லாம் கலந்து கிடக்கிறது. அவற்றைத் தனித்தனியே பிரித்து எது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது ஒரு ஆய்வேட்டுக்கான வேலை. கடனும் விற்பனையும் இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நிற்பதை வளர்ச்சிப் பொருளியல் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. எழுதியவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த முன்பண நோட்டு இருந்தது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று சுருக்கமாக. இன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று காலையில் வீட்டில் பேசுவார்களே, அதில் படகுக் கடன் தவணையை இழுக்கக் கூடாது. போனாலும் போகாவிட்டாலும் அது கட்ட வேண்டியதுதான். டீசல், ஐஸ், கூட வருகிறவரின் பங்கு இவற்றுக்கு எதிரே எதிர்பார்க்கும் மீன் எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். முதலாண்டில் ‘இறுதிநிலைச் செலவு’ என்று வாத்தியார் பலகையில் எழுதும்போது உங்கள் அம்மா நினைவுக்கு வருவார்.

பாடு முறையும் ஒரு நோபல் பரிசும்

பழவேற்காடு ஏரியில் குச்சி நட்டு இறால் வலை கட்டும் இடங்களைப் பாடு வைத்துப் பிரித்துக்கொள்வது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்பது சீட்டுப் போட்டும் முறை வைத்தும் முடிவாகும். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது. ஒரே இடத்தில் எல்லோரும் போய் விழுந்து இறாலை ஒழித்துவிடவும் முடியாது.

பொதுச்சொத்து என்றால் ஒவ்வொருவரும் அள்ளி அள்ளி அது அழிந்தே தீரும், ஆகவே அரசிடம் கொடு, இல்லையேல் தனியாருக்கு விற்றுவிடு என்றுதான் பொருளியலில் வெகுகாலம் பேசினார்கள். மூன்றாவது வழி உண்டு, மக்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன என்று ஊர் ஊராகக் காட்டியவர் அமெரிக்காவின் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். தேர்வில் அவரைப் பற்றிக் கேள்வி வந்தால் மற்ற மாணவர் சுவிட்சர்லாந்து மேய்ச்சல் நிலத்தை உதாரணம் எழுதுவார். நீங்கள் கோட்டைக்குப்பத்தை எழுதலாம்.

ஆனால் பெருமையோடு நின்றுவிட வேண்டாம். பாடு எல்லோருக்கும் கிடையாது. பரம்பரை உரிமை உள்ள பட்டினவர் குப்பங்களுக்குள்தான் அது தொடங்கியது. கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர்கள் அந்த வட்டத்துக்கு வெளியே. யார் உள்ளே, யார் வெளியே என்ற வழக்கு ஏரி எங்கும் பழசு. சாரா கோல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்த ஏரியின் மீனவர்கள் மாறிவரும் சூழலை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கிறது. பாடு பற்றியும் அதில் வருகிறது. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சொந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் எழுதியதைப் படித்து, எங்கே சரி, எங்கே தப்பு என்று குறிப்பெடுப்பதைவிட நல்ல முதலாண்டுப் பயிற்சி வேறில்லை.

நிதியியல் பக்கமும் ஊர் சும்மா இல்லை. 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் பொதுமக்களிடம் பங்கு விற்று, அந்தப் பங்கு ஆம்ஸ்டர்டாமில் கைமாறிய முதல் பெரிய கம்பெனி. அதன் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் பழவேற்காடு. 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. நாணயச் சாலை இருந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை இங்கிருந்து துணி போயிற்று, அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். பங்குதாரருக்கு ஆம்ஸ்டர்டாமில் கிடைத்த ஈவுத்தொகையின் மறுபக்கம் அது. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் இதையும் யாராவது சொன்னால் தேவலாம்.

ஸ்லேட்டர் கொடுத்த வீட்டுப்பாடம்

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்துப் புத்தகத்தை வைத்து இந்தியப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். உன் ஊரில் நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், வட்டி என்ன, என்ன சாப்பிடுகிறார்கள், எழுதிக்கொண்டு வா. 1916-ல் தொடங்கிய அந்த வேலை 1918-ல் புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி போன்ற ஊர்கள் அதில் இருக்கின்றன. இருபது ஆண்டு கழித்து பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் எண்ணி, 1940-ல் இன்னொரு புத்தகம் போட்டார்கள். பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மாணவர் விடுமுறையில் எழுதிய நோட்டு நூறாண்டு ஆய்வுக்கு அடித்தளமானது இப்படித்தான்.

பேர்பெற்ற அந்த ஊர்கள் உழவு ஊர்கள். மீன்பிடிக் குப்பத்துக்கு அப்படி ஒரு தொடர் கணக்கு இருந்தால் எவ்வளவு உதவும்! கூனங்குப்பத்திலோ லைட் ஹவுஸ் குப்பத்திலோ ஒரு மாணவி இருபது வீட்டை எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள் கேட்டு எழுதலாம். எத்தனை நாள் கடலுக்கு, எத்தனை நாள் ஏரிக்குப் போனார்கள், டீசல் எவ்வளவு, என்ன மீன் எத்தனை கிலோ, கரையில் விலை என்ன, அதே நாள் காசிமேட்டில் விலை என்ன, படகுப் பங்கும் ஆள் பங்கும் எப்படிப் பிரிந்தன, நகை அடகு போனதா, மீட்டதா, சுய உதவிக் குழுத் தவணை கட்டினார்களா. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்த வாரங்களைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். மூடினால் படகு வெளியே போக முடியாது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, ஏரியின் உப்பும் மீனும் மாறும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்த பிறகு எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தால் அதுவே ஒரு அத்தியாயம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியாமல் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டுக்காரர் பெயர் எழுதாதீர்கள், எண் போடுங்கள். கடன் விவரம் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம், ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பேசப்படும் ஊரில் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போகிறவரைச் சந்தேகமாகப் பார்ப்பது நியாயம்தான்.

இந்த நோட்டு ஒன்று போதும், நேர்முகத் தேர்வில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்காது.

கணிதம்

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றில் குரூப் எடுக்கப் போகிறவர்கள் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நாலாவதாக ‘வணிகக் கணிதமும் புள்ளியியலும்’ இருக்கிற குரூப்பைக் கேளுங்கள். பல பள்ளிகளில் அந்த இடத்தில் கணினிப் பயன்பாடுகள் இருக்கும், சுலபம் என்று அதில் தள்ளிவிடுவார்கள். கணிதம் உள்ள அறிவியல் குரூப்பும் நல்லதுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஹானர்ஸுக்குப் பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். சென்னைக் கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்று முதுகலைக்குப் பேர்பெற்ற இடம் எதுவானாலும் நுழைவுத் தேர்வில் வகைநுண்கணிதமும் நிகழ்தகவும் வந்து நிற்கும்.

கணிதம் இல்லாமலே பிளஸ் டூ முடித்துவிட்டவர் என்ன செய்வது? முதலாண்டு விடுமுறைக்குள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகம் இரண்டையும் முடித்துவிடுங்கள். தமிழ் வழியிலேயே இருக்கிறது, பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசம். அணிகள், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு, குறியீட்டெண் இந்த ஐந்தும் வந்தால் மூன்று வருடமும் மூச்சுவிடலாம். எக்செல் கற்றுக்கொள்ளத் தனி வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம். மேலே சொன்ன இருபது வீட்டு நோட்டைத் தாளிலிருந்து எக்செலுக்கு ஏற்றினாலே பாதி வந்துவிடும்.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படித்ததற்குத் தலை குனிய வேண்டாம். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவருக்கு டி.என்.பி.எஸ்.சி. பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதை வைத்துக்கொண்டே, தினம் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை அகராதியோடு படியுங்கள். முதுகலைப் புத்தகம் எல்லாம் ஆங்கிலம்தான்.

எங்கே படிப்பது, யார் பணம் கட்டுவது

பக்கத்தில் பொன்னேரி அரசு கலைக் கல்லூரி. பஸ் ஏறினால் போய்விடலாம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு மாநிலக் கல்லூரி, ராணி மேரி, லயோலா, எத்திராஜ், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மொழியில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பப் பட்டியலில் அந்த வருடத்து நிலவரத்தைப் பாருங்கள். குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அப்புறம் இன்னொரு பஸ் என்று தினமும் போய் வருவது முதல் மாதம் நன்றாக இருக்கும். மூன்றாவது மாதம் படிக்க நேரம் இருக்காது. சென்னைக் கல்லூரி என்றால் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பொன்னேரியிலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் படிப்புகளில் மீன்வள வணிக மேலாண்மைக்கு ஒரு பி.பி.ஏ. உண்டு. அறிவியல் குரூப் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளை மீன்வள இளநிலைப் பட்டத்துக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முயலலாம். 2021-ல் வந்த சட்டம் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றோடு மீன்வளத்தையும் சேர்த்திருக்கிறது. மீன்வளப் பட்டம் முடித்துவிட்டு மீன்வளப் பொருளியலில் முதுகலை போவது, நேராகப் பொருளியல் படிப்பதைவிடச் சில வேலைகளுக்குக் குறுக்குவழி.

செலவு பற்றிப் பெற்றோர் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. அரசுக் கல்லூரியில் இளநிலைக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. சில்லறைக் கட்டணங்கள்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது, அதே தொகை. அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போய்விடும் என்பது தெரியும். ஆனால் “உன் படிப்புக்கு வீட்டில் காசில்லை” என்ற வாதத்தின் பாதிப் பலத்தை அது எடுத்துவிடுகிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில்.

வேலை எங்கே?

பட்டம் எதுவானாலும் எழுதலாம் என்கிற தேர்வுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வுகள், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, 2. இவற்றில் பொருளியல் மாணவருக்கு ஒரு வசதி, பொதுஅறிவுத் தாளின் கணிசமான பகுதியை ஏற்கனவே படித்திருப்பார். மத்திய அரசின் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி வேலைக்கு எஸ்.எஸ்.சி. தேர்வு. அதற்குப் பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம், அல்லது பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடம் வேண்டும். கணிதத்தை விடாதீர்கள் என்றது இதற்கும்தான்.

பொருளியலுக்கென்றே உள்ளது இந்தியப் பொருளியல் பணி. 1961-ல் உருவானது. யு.பி.எஸ்.சி. நடத்தும். முதுகலைப் பொருளியல் வேண்டும். இடங்கள் சொற்பம், ஆனால் எழுதுகிறவர்களும் ஐ.ஏ.எஸ். கூட்டத்தோடு ஒப்பிட்டால் குறைவு. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி-யில் பொருளியல் ஆய்வுப் பிரிவுக்குத் தனித் தேர்வு. நபார்டு உதவி மேலாளர் பணி பழவேற்காட்டுப் பிள்ளைக்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். சுமார் 7,500 கோடி ரூபாயில் 2018-19-ல் அறிவித்த மீன்வள உள்கட்டமைப்பு நிதி போன்றவை நபார்டு வழியாகப் போகின்றன. இறங்குதளம் எங்கே கட்டுவது, ஐஸ் ஆலை எங்கே நிற்கும் என்ற கோப்பைப் பார்க்கிறவருக்கு ஐஸ் உருகுகிற வேகம் தெரிந்திருப்பது நல்லதில்லையா?

குடிமைப் பணிக்குப் போக நினைக்கிற மீனவப் பட்டதாரிகளுக்கு மீன்வளத் துறை ஒரு உதவி செய்கிறது. ஆண்டுக்கு 20 பேரை அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தில் சேர்த்துப் பயிற்சி தருகிறார்கள். அறிவிப்பு மாவட்ட மீன்வள அலுவலகம் வழியாக வரும். குப்பத்துப் பலகைக்கு வந்து சேருவதற்குள் கடைசித் தேதி போய்விடுவது உண்டு, ஆகவே நீங்களே போய்க் கேளுங்கள்.

ஆய்வுப் பக்கம் போனால் சென்னையிலேயே உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இரண்டிலும் சமூகப் பொருளாதாரப் பிரிவுகள் உண்டு. தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், அடையாறு வளர்ச்சி ஆய்வு நிறுவனம், மீனவர் ஆதரவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் சென்னை அலுவலகம் ஆகியவற்றின் களப்பணிகளில் மீனவர் மொழி தெரிந்த பொருளியல் பட்டதாரி கிடைப்பது அரிது. சம்பளம் வங்கியளவு இருக்காது. ஒப்பந்த வேலைதான் பெரும்பாலும். முதுகலைக்கு முன்னால் ஒரு வருடம் அங்கே இருந்தால் பிறகு எந்த விண்ணப்பத்திலும் அது எடைகூடும்.

தனியாரில் பெரும்பாலோர் போகிற இடம் சென்னையில் உள்ள வெளிநாட்டு வங்கிகளின் பின்புல அலுவலகங்கள், சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் போன்ற நிதி நிறுவனங்கள். உலக வங்கியின் கணக்குப் பணிகளில் ஒரு பகுதியும் தரமணியில்தான் நடக்கிறது. இவை எல்லாம் தெரிந்தவை. தெரியாதது பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி இரண்டையும் சுற்றிச் சுங்க முகவர்கள், சரக்குப் போக்குவரத்துக் கம்பெனிகள், கிடங்குகள். ஏற்றுமதி ஆவணம், சரக்குக் கட்டணம், அந்நியச் செலாவணி இவற்றைப் புரிந்தவர் தேவை. துறைமுகத்தால் தொழில் போயிற்று என்று போராடுகிற வீட்டிலிருந்து அங்கேயே வேலைக்குப் போவதா என்று கேட்பார்கள். கடினமான கேள்விதான். அதற்கு வீட்டுக்கு வீடு வேறு பதில் இருக்கும், வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது.

இறால், நண்டு ஏற்றுமதி இன்னொரு வாசல். உயிர் நண்டு சிங்கப்பூருக்குப் போகிறது. உறையவைத்த இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியாளர்கள் முதலில் செய்த கணக்கு, கொள்முதல் விலையை எவ்வளவு இறக்குவது என்பதுதான். அந்தக் கணக்கை மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து போடத் தெரிந்தவர் நம் ஆளாக இருந்தால், கரையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு போன் வரும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ‘பங்குச் சந்தைப் பயிற்சி, மூன்று மாதத்தில் லட்சம்’ என்று வருகிற விளம்பரங்கள். பங்குத் துறையில் உண்மையாக வேலை வேண்டும் என்றால் செபி 2006-ல் நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுங்கள். பரஸ்பர நிதி விநியோகிப்பாளர் தேர்வுக்கு ஆகும் செலவு அந்தப் பயிற்சிக் கட்டணத்தில் சிறு துண்டுகூட வராது.

முடிவு வருவதற்கு முன்பே

சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஓ.பி.சி. படிவத்தில் இன்னொன்று என இரண்டும் வேண்டும். இரண்டாவதைப் பலர் வங்கித் தேர்வு வரும்போதுதான் தேடுகிறார்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கும், தமிழ் வழியில் படித்ததற்கும் தலைமையாசிரியர் கையெழுத்து. வெளி மாநில, மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும், அதை மறந்தால் ஒரு வருடம் போயிற்று.

அப்பாவிடம் பேச வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பி.ஏ.வுக்கு மூன்று, எம்.ஏ.வுக்கு இரண்டு, தேர்வுக்கு ஒன்று என ஆறு வருடம் ஆகலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் தெரிந்தால்தான் சண்டை வரும். தம்பி படிப்பு, அக்கா கல்யாணம், படகுக் கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் வருடவாரியாக எழுதி, எந்த வருடம் கையைக் கடிக்கும் என்று கூட்டிப் பாருங்கள். அந்த வருடத்துக்கு விடுதியா, உதவித்தொகையா, பகுதிநேர வேலையா என்று முன்னமே முடிவு செய்துவிடலாம்.